தோட்டா உறை அனீலிங்குக்கு மெஷின் வாங்கப் போகிறேன்: டார்ச்சா, இண்டக்‌ஷனா?

மூன்றாம்வட்டம் எழுதியது:

வணக்கம். .308 வின்செஸ்டர், 6.5 கிரீட்மோர் என்ற இரண்டு ரைஃபிள் தோட்டாவுக்கும் நானே ரீலோட் செய்கிறேன், அதாவது சுட்ட பித்தளை உறையில் மறுபடி பொடியும் குண்டும் நிரப்புகிறேன். இரண்டிலும் சில நூறு உறைகள் இருக்கின்றன. போட்டிக்குப் போகிற ஆள் இல்லை. தாளில் குண்டுகள் நெருக்கமாக விழ வேண்டும், நல்ல உறைகளைச் சீக்கிரம் தூக்கிப் போடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

.308 உறைகள் பழசாகிவிட்டன. கழுத்தில் மயிரிழை விரிசல் வர ஆரம்பித்திருக்கிறது. டையை அசைக்காமல் சைஸ் செய்தாலும் (உறையை அந்த அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவருவது) கழுத்துக்குக் கீழே சரிகிற தோள் ஒரே அளவுக்குப் பின்னால் போவதில்லை. ஒரு உறையில் 0.002 அங்குலம், அடுத்ததில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. குண்டு பொருத்தும்போதும் இதே கதை: ஒன்று லேசாக இறங்குகிறது, இன்னொன்றுக்குக் கைப்பிடியை நன்றாக அழுத்த வேண்டியிருக்கிறது. இதைவிடப் புதிராக ஒன்று. லோட் செய்து பெட்டியில் வைத்திருந்த சில தோட்டாக்கள் சுடாமலேயே கழுத்தில் வெடித்து விரிசல் விட்டிருந்தன.

அனீலிங்குக்கு, அதாவது இறுகிய கழுத்தைச் சூடாக்கி மென்மையாக்க, இப்போது ட்ரில்லில் சாக்கெட் மாட்டி, அதில் உறையை நிறுத்திச் சுழற்றி, ப்ரொபேன் டார்ச் முன்னால் பிடித்து மனதுக்குள் எண்ணுகிறேன். வேலை நடக்கிறது, ஆனால் பாதிப் பெட்டி தாண்டினால் கவனம் சிதறிவிடுகிறது. அதனால் ஒரு மெஷின் வாங்கலாம் என்று முடிவு.

பார்த்து வைத்திருப்பவை: அனீலீஸ் மாதிரி ஒற்றை டார்ச் முன்னால் உறையை உருட்டுகிற வகை, பெஞ்ச் சோர்ஸ் மாதிரி இரண்டு டார்ச்சுக்கு நடுவே உறையை நிறுத்திச் சுழற்றுகிற வகை, ஏஎம்பி மாதிரி மின்காந்தத்தால் சூடாக்குகிற இண்டக்‌ஷன், அப்புறம் உருகிய உப்பில் முக்குகிற முறை. இண்டக்‌ஷனுக்கு ஆகும் பணத்தில் டார்ச் மெஷின் சிலவற்றை வாங்கிவிடலாம். அந்த வித்தியாசத்துக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது? ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் செய்ய வேண்டுமா? வெப்பம் சரியாக ஏறியதா என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

---

மெதுவிசை எழுதியது:

ஒற்றை டார்ச் உருட்டு மெஷின்தான் வைத்திருக்கிறேன். தட்டில் உறைகளைக் கொட்டினால் சக்கரம் ஒவ்வொன்றாக எடுத்துச் சுடரில் உருட்டிக் கீழே தள்ளிவிடும். உங்கள் இரண்டு உறைக்கும் அடி விளிம்பு ஒரே அளவு, 0.473 அங்குலம். அதனால் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றும்போது பெரிய வேலை இருக்காது. .308 உறை 2.015 அங்குல நீளம், கிரீட்மோர் 1.920. டார்ச்சைக் கொஞ்சம் தள்ளி வைத்து வேகத்தைத் திருத்தினால் போதும்.

குறை என்று பார்த்தால் சிலிண்டர்தான். நிறைய உறைகளை ஒரே மூச்சில் ஓட்டினால் சிலிண்டர் குளிர்ந்து உள்ளே அழுத்தம் குறையும், சுடர் சுருங்கும். ஆரம்பத்தில் சரியாக இருந்த நேரம் முடிவில் போதாமல் போகும். ரெகுலேட்டர் உள்ள டார்ச் தலை வாங்குங்கள், பாதி தொல்லை போய்விடும். காற்று வீசுகிற இடத்தில் வைக்கவே வேண்டாம்.

உப்பு முறை பற்றி எனக்குத் தெரியாது. இண்டக்‌ஷன் ஆசை எனக்கும் உண்டு, ஆசையாகவே இருக்கிறது.

---

பித்தளைப்பட்டறை எழுதியது:

தம்பி, மெஷினுக்கு முன்னால் பித்தளையைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிடுவோம். பித்தளைத் தகட்டை டையில் போட்டு ஆழமாக இழுக்கிற பட்டறையில் வேலை பார்த்தவன் நான். நாங்கள் செய்தது குழாய்ப் பொருத்துகளும் விளக்கு மூடிகளும். தோட்டா உறை செய்ததில்லை. ஆனால் உலோகம் அதேதான்: 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். ஆழமாக இழுக்க இதைவிட இணக்கமான கலவை கிடைப்பது கஷ்டம்.

உறை உருவாகிற விதத்தைத் தெரிந்துகொண்டால் உங்கள் கேள்விகளில் பாதி தானாக அவிழும். தகட்டிலிருந்து ஒரு வட்டத்தை வெட்டிக் கிண்ணமாக அழுத்துவார்கள். அந்தக் கிண்ணத்தைப் பல கட்டமாக இழுத்து நீளக் குழலாக்குவார்கள். ஒவ்வொரு இழுப்பிலும் பித்தளை இறுகும், அப்படியே அடுத்த டையில் போட்டால் கிழியும். அதனால் இடையிடையே உலையில் வைத்து எடுப்பார்கள். கடைசியில் அடிப்பாகத்தை அடித்து ப்ரைமர் (பொடியைப் பற்றவைக்கும் சிறு மூடி) உட்காரும் குழியும் எழுத்தும் பதிப்பார்கள். அந்த அடி அதற்குப் பிறகு நெருப்பைப் பார்ப்பதே இல்லை. அடித்த இறுக்கம் அப்படியே நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் அப்படி. கழுத்தையும் தோளையும் குறுக்கியபின் அந்த மேல் பகுதிக்கு மட்டும் இன்னொரு முறை சூடு காட்டுவார்கள். சில புது உறைகளில் தோளைச் சுற்றி நீலமும் பழுப்புமாக ஒரு வளையம் தெரிகிறதே, அது இந்தச் சூட்டின் தடம். சில தயாரிப்பாளர்கள் அதை மெருகேற்றி அழித்துவிடுவார்கள், ராணுவ உறைகளில் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்.

நீங்கள் சுடும்போது கழுத்து விரிகிறது, சைஸ் டையில் சுருங்குகிறது, கழுத்தை உள்ளிருந்து அகலப்படுத்தும் எக்ஸ்பாண்டரில் மறுபடி விரிகிறது. கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் அதே இடத்தில் ஒடிவது மாதிரிதான் இதுவும். இறுகிய பித்தளைக்கு மீள்விசை அதிகம். டையை விட்டு வெளியே வந்ததும் பழைய அளவை நோக்கிக் கொஞ்சம் திரும்பிவிடும். எவ்வளவு திரும்பும் என்பது எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. உங்கள் தோள் அளவு ஒன்றுக்கொன்று மாறுவதும், குண்டு பொருத்தும் விசை மாறுவதும் இதனால்தான். இரண்டும் ஒரே நோய்.

இனி வெப்பம். இங்கே ஆளாளுக்கு ஒரு எண் சொல்வார்கள். எண்ணோடு நேரத்தையும் சேர்த்துச் சொல்லாதவரை அந்த எண்ணுக்குப் பொருள் கிடையாது. ஆலையில் 70/30 பித்தளையை 425 முதல் 750 டிகிரி செல்சியஸுக்குள் உலையில் நிறுத்தி வைப்பார்கள், நேரம் தாராளமாக இருக்கும். உங்களுக்குக் கிடைப்பது சில நொடிகள். 33 சதவீதம் குளிர்ந்த நிலையில் நசுக்கிய பித்தளையை 580 டிகிரியில் வைத்து எடுத்த நுண்ணோக்கிப் படங்கள் உலோகவியல் பாடங்களில் வரும். 3 நொடியில் புதிய மணிகள், அதாவது உலோகத்தின் நுண்படிகங்கள், தலைகாட்டுகின்றன. 4 நொடியில் ஒரு பகுதி மாறியிருக்கிறது. 8 நொடியில் பழைய நசுங்கிய மணிகள் ஒன்றுகூட இல்லை. 15 நிமிடம் விட்டால் மணிகள் பருத்துவிடுகின்றன. நம் வேலை அந்த 3 நொடிக்கும் 8 நொடிக்கும் இடைப்பட்ட இடத்தில் நடக்கிறது. முழு மென்மை நமக்கு வேண்டாம். கழுத்து குண்டைப் பிடிக்க வேண்டுமே!

பலரும் சொல்லும் 750 ஃபாரன்ஹீட், அதாவது ஏறக்குறைய 400 டிகிரி செல்சியஸ், ஒரு கீழ் எல்லை. சில நொடிகள் மட்டும் அந்த வெப்பம் தொட்டால் உள்ளழுத்தம் (வளைத்து நசுக்கியதில் உலோகத்துக்குள் தங்கிய விசை) ஓரளவு தளரும், மணிகள் புதிதாவது அரைகுறைதான். மேலே போவதற்கும் வரம்பு உண்டு. துத்தநாகம் 907 டிகிரியில் கொதிக்கும், இந்தக் கலவையே 915 சுமாரில் உருகத் தொடங்கும். கழுத்து வெளிச்சத்திலேயே செக்கச்செவேல் என்று எரிந்தால் அந்த உறையைச் சுடப் பயன்படுத்தாதீர்கள்.

அடிப்பாகம் பற்றி ஒரே வார்த்தை: தொடாதே. உங்கள் இரண்டு தோட்டாவுக்கும் அனுமதித்த உச்ச அழுத்தம் 62,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). அதைத் தாங்குவது அந்த இறுகிய அடி. அது மென்மையானால் மறுபடி இறுக்க நம்மிடம் வழி கிடையாது. தோளுக்குக் கால் அங்குலம் கீழே 450 ஃபாரன்ஹீட், அதாவது 230 டிகிரி சுமார், தாண்டக் கூடாது என்பது பொதுவாக எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. அந்தந்த வெப்பத்தில் உருகுகிற வண்ணத் திரவம் விற்கிறது, டெம்பிலாக் என்று கேட்டிருப்பீர்கள். 750-ஐக் கழுத்தின் உட்புறம் தடவுங்கள். வெளியே தடவினால் சுடர் நேராக வண்ணத்தைச் சுட்டு ஏமாற்றும். 450-ஐத் தோளுக்குக் கீழே ஒரு கோடாக இழுங்கள். உள்ளே இருப்பது உருக வேண்டும், கீழே இருப்பது உருகக் கூடாது.

சரி, மெஷின். விளம்பரங்கள் ஒரு மணிக்கு எத்தனை உறை என்று சொல்லும். நான் கேட்கிற முதல் கேள்வி வேறு: நடுவில் ஏதாவது தப்பாகப் போனால் இந்த மெஷின் என்ன செய்யும்? டார்ச் மெஷினில் சுடர் தன்பாட்டுக்கு எரிந்துகொண்டே இருக்கும். மோட்டார் நின்றாலோ, உறை கோணலாகச் சிக்கினாலோ, அந்த உறை வெந்துகொண்டே இருக்கும், பித்தளை வெப்பத்தை வேகமாக அடிக்குக் கடத்திவிடும். நல்ல இண்டக்‌ஷன் மெஷினில் டைமர் முடிந்ததும் சூடும் முடிந்தது. உறை உள்ளே சிக்கி நின்றாலும் பெரிய பாதகமில்லை. நீங்கள் கேட்ட பண வித்தியாசத்தில் எனக்கு மதிப்பாகத் தெரிகிற பங்கு இதுதான்.

அதற்காக உடனே இண்டக்‌ஷன் வாங்கச் சொல்லவில்லை. ஏஎம்பி நியூசிலாந்துத் தயாரிப்பு. அதில் அஸ்டெக் என்று ஒரு வசதி உண்டு: ஒரு உறையைப் பலி கொடுத்தால் மெஷினே அதை ஆராய்ந்து அந்த வகைக்கு ஒரு எண் சொல்லும், அந்த எண்ணைப் போட்டு மீதியை ஓட்டலாம். அடிக்கடி புது லாட் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதி), புது காலிபர், கழுத்தைச் சீவி மெல்லியதாக்குவது என்று இருப்பவருக்கு இது பெரிய வரம். ஏனென்றால் சுவர் தடிமன் மாறினால் தேவைப்படும் சூடும் மாறும், ஒவ்வொரு முறையும் வண்ணம் பூசி நேரம் கண்டுபிடிப்பது சலித்துவிடும். உங்களிடம் இருப்பது இரண்டே வகை. ஒருமுறை நேரம் கண்டுபிடித்து எழுதி வைத்துக்கொண்டால் அந்த லாட் தீரும்வரை அதுவே போதும்.

இரண்டு டார்ச் மெஷினில் உறையின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் சூடு படும், நேரம் குறையும். ஆனால் இரண்டு சுடரையும் ஒரே மாதிரி வைக்க வேண்டும், இரண்டு சிலிண்டர் ஒரே வேகத்தில் தீராது. உறை சுழல்கிறது என்றால் ஒரு டார்ச்சே சுற்றிலும் சமமாகச் சுடும். உங்கள் அளவுக்கு மெதுவிசை சொன்ன ஒற்றை டார்ச் உருட்டு வகை போதும் என்பது என் கருத்து. ஒரே நிபந்தனை, ஓடும்போது பக்கத்தை விட்டு எழக் கூடாது. சிக்கினால் டார்ச்சை ஒரே கையால் விலக்குகிற மாதிரி அமைத்துக்கொள்ளுங்கள். சிக்கிய உறையை நசுக்கிப் போட்டுவிடுங்கள், மற்றவற்றோடு கலந்துவிடாமல்.

உப்பு முறை வேண்டவே வேண்டாம். நைட்ரேட் உப்புகளை உருக்கி 500 டிகிரிக்கு மேல் வைத்திருப்பார்கள். ஈரம் காயாத ஒரு உறை உள்ளே போனால் அந்தத் துளி நொடியில் நீராவியாகி உப்பை முகத்தில் தெறிக்கவிடும். உறையை ஈரமாகக் கழுவிவிட்டு அதே மேஜையில் உருகிய உப்பு வைப்பது எனக்குப் புரியாத துணிச்சல். மேலும் நைட்ரேட் எரிதலுக்குத் துணைபோகும் பொருள், அதே அறையில்தான் வெடிமருந்துப் பொடியும் இருக்கிறது.

பெட்டிக்குள் வெடித்த கழுத்துக்கு வருகிறேன். பளபளப்புக்கு என்ன போடுகிறீர்கள்?

---

மூன்றாம்வட்டம் எழுதியது:

ஐயா, இவ்வளவு விரிவாக யாரும் சொன்னதில்லை, நன்றி. உறைகளைச் சுத்தம் செய்யும் டம்ப்ளர் மெஷினில் சுழற்றிய பிறகு, போட்டோவுக்கு நன்றாக இருக்கட்டும் என்று சிலவற்றுக்கு வீட்டுப் பித்தளை பாலிஷ் போடுவேன். பாட்டிலில் அம்மோனியா என்று இருக்கிறது. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

இன்னொன்று. இருட்டறையில் லேசாகச் சிவப்பு தெரியும்வரை சூடாக்கு என்கிறார்கள் சிலர், சிவப்பே தெரியக் கூடாது என்கிறார்கள் சிலர். எதை நம்புவது?

---

ஈயப்பற்று எழுதியது:

இண்டக்‌ஷனை நீங்களே செய்யலாம் என்று யாரும் சொல்லவில்லையே, அதனால் நுழைகிறேன்.

இசட்விஎஸ் என்ற பெயரில் 1000 வாட் இண்டக்‌ஷன் போர்டு கிடைக்கிறது. 48 வோல்ட் டிசி சப்ளை, ஒரு டைமர், ஒரு ரிலே, உறையை அடியில் தாங்கி நேரம் முடிந்ததும் கீழே விட ஒரு சொலினாய்டு (மின்சாரத்தால் நகரும் தண்டு). செலவு டார்ச் மெஷினைவிடக் குறைவாகக்கூட வரும். இந்தப் போர்டுகள் 100 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய அதிர்வெண்ணில் ஓடும். அந்த அதிர்வெண்ணில் பித்தளைக்குள் மின்னோட்டம் ஏறக்குறைய 0.4 மி.மீ. ஆழத்தில் ஓடும். .308 கழுத்துச் சுவரும் சுமாராக அவ்வளவுதான். சூடு சுவருக்குள்ளேயே பிறக்கிறது, வெளியிலிருந்து உள்ளே போகக் காத்திருக்க வேண்டியதில்லை. சுடரும் இல்லை.

எச்சரிக்கை இரண்டு. சப்ளையை முதலில் முழு வோல்ட்டுக்குக் கொண்டுவந்துவிட்டு, டிசி பக்கத்தில் ரிலேயால் போர்டுக்குக் கொடுங்கள். வோல்ட் மெதுவாக ஏறினால் சர்க்யூட் அலைவுறத் தொடங்காமல், போர்டில் மின்சுவிட்சாக இருக்கும் இரண்டு மாஸ்ஃபெட்டும் ஒன்றாகத் திறந்துகொள்ளும், அத்தோடு போர்டு புகையும். அடுத்தது, ஓட ஓடக் காயிலும் கெப்பாசிட்டர்களும் சூடேறும். நல்ல ஃபேன் வைக்காமல் தொடர்ந்து ஓட்டினால் முதல் உறைக்குக் கிடைத்த சூடும் கடைசி உறைக்குக் கிடைத்த சூடும் ஒன்றாக இருக்காது. மின்வேலை கைவந்தவர்களுக்குத்தான் இது. 48 வோல்ட்தானே என்று அலட்சியம் வேண்டாம், 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், மோதிரம் காயிலுக்குப் பக்கத்தில் போனால் விரல் வெந்துவிடும்.

பித்தளைப்பட்டறை அண்ணன் கேட்ட கேள்விக்கு இதில் ஒரு பதில் உண்டு, ஆனால் நல்ல பதில் இல்லை. ரிலேயின் தொடுமுனை ஒட்டிக்கொண்டால் டைமர் முடிந்தாலும் சூடு நிற்காது. தனியாக ஒரு அவசர சுவிட்ச் கைக்கு எட்டும் இடத்தில் கட்டாயம் வையுங்கள்.

---

ஐந்துதோட்டா எழுதியது:

ஊரே அனீலிங் பைத்தியம் பிடித்து அலைகிறது. ஒருதடவை கேட்டுவிடுகிறேன்: இதனால் தாளில் குழு, அதாவது குண்டுகள் விழும் வட்டம், சின்னதாகிறதா? செய்த உறை, செய்யாத உறை இரண்டையும் மாற்றி மாற்றிச் சுட்டுப் பார்த்தேன். என் துப்பாக்கியில் கண்ணால் பிரித்துச் சொல்கிற வித்தியாசம் எதுவும் இல்லை. அந்தப் பணத்துக்கு நல்ல குண்டும் பொடியும் வாங்கிப் பழகலாமே.

---

பித்தளைப்பட்டறை எழுதியது:

ஐந்துதோட்டா சொல்வதை நான் மறுக்கவில்லை. மெஷின் வாங்கியதும் குழு பாதியாகும் என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான். பலன் வேறு இடத்தில்: கழுத்து வெடிக்காமல் உறை நீண்ட நாள் உழைக்கும், டையை ஒருமுறை வைத்தால் தோள் அளவு அப்படியே வரும், குண்டு ஒரே விசையில் உட்காரும். நல்ல உறை வாங்கி அதையே பல தடவை ஓட்டுகிறவனுக்கு அது போதுமான காரணம். நாலு தடவை சுட்டுத் தூக்கிப் போடுகிறவனுக்கு இந்த மெஷின் வீண்செலவு.

ஈயப்பற்று சொன்ன ரிலே விஷயம் சரியான இடத்தில் கை வைத்த பேச்சு. நான் கேட்டது அதைத்தான்.

இனி தம்பியின் கேள்விகள். அம்மோனியாவுக்கும் வெடித்த கழுத்துக்கும் நிச்சயம் தொடர்பு இருக்க முடியும். இது பழைய வியாதி. பிரிட்டிஷ் காலத்தில் இந்தியாவில் மழைக்காலம் முடியும்வரை படையின் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தார்கள். திரும்ப எடுத்துப் பார்த்தால் குண்டை இறுக்கிய கழுத்துப் பக்கத்தில் விரிசல். யாரும் சுடவில்லை, யாரும் அடிக்கவில்லை. காரணம் 1921-ல்தான் தெளிவாயிற்று: குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியாவும், உறைக்குள் தங்கியிருந்த உள்ளழுத்தமும் சேர்ந்தால் பித்தளை தானாக வெடிக்கும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் வெடிக்காது. உங்கள் பழைய உறையில் உள்ளழுத்தம் நிறைய இருக்கிறது, கழுத்தில் குண்டு வேறு இழுத்துப் பிடித்திருக்கிறது, பாலிஷ் மூலம் அம்மோனியாவும் வந்துவிட்டது. அந்த பாட்டிலைக் கதவுக் கைப்பிடிக்கு வைத்துக்கொள்ளுங்கள், உறைக்கு வேண்டாம். அனீலிங் உள்ளழுத்தத்தைக் குறைப்பதால் இந்தத் தொல்லைக்கும் அதுவே மருந்து.

சிவப்பு பற்றி. எந்தப் பொருளும் 525 டிகிரி சுமாரில்தான் இருட்டில் கண்ணுக்கு மங்கலாக ஒளிரத் தொடங்கும். ஆகவே கும்மிருட்டில், சுடரை விட்டு விழுவதற்குச் சற்று முன்னால், கழுத்தில் இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்கு ஒரு சிவப்பு தெரிந்தால் நமக்கு வேண்டிய இடத்தில்தான் இருக்கிறீர்கள். சிவப்பே கூடாது என்கிறவர்கள் வெளிச்சமான அறையை மனதில் வைத்துச் சொல்கிறார்கள். அங்கே தெரிகிற சிவப்பு, இருட்டில் தெரிவதைவிட மிகவும் சூடு. இரண்டு கட்சியும் சண்டை போடுவது விளக்கைப் பற்றி. நான் செய்வது: இருட்டில் மங்கலான சிவப்பு தொடும் நேரத்தைக் கண்டுபிடித்து, அதே நேரத்தில் அடுத்த உறைக்குக் கீழே 450 வண்ணம் பூசி அது உருகாமல் இருக்கிறதா என்று பார்ப்பது. இரண்டும் ஒத்துவந்தால் அந்த எண்ணை எழுதிப் பெட்டி மூடியில் ஒட்டிவிடுவேன். நீல வளையத்தின் நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். அது மேற்பரப்பில் படிகிற ஆக்சைடு, அழுக்கையும் ஈரத்தையும் பொறுத்து மாறும்.

சுடர் கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் படட்டும், உள் நீலக் கூம்பின் முனைக்குச் சற்று வெளியே. வாயில் பட்டால் மெல்லிய விளிம்பு முதலில் வெந்துவிடும்.

விழுந்த உறையைத் தண்ணீரில் போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். போடலாம், போடாமலும் இருக்கலாம். எஃகுபோல் தண்ணீரில் இறுகுகிற உலோகம் இல்லை இது. நேரம் சரியாக இருந்தால் அடி தானாகவே பாதுகாப்பாக இருக்கும், தண்ணீரால் அதைக் காப்பாற்ற வேண்டிய நிலை வந்தால் நேரமே தப்பு. நான் இரும்புத் தட்டில் காய விடுகிறேன், நனைத்துவிட்டு மறுபடி உலர்த்துகிற வேலை மிச்சம்.

எத்தனை தடவைக்கு ஒருமுறை? ஒவ்வொரு தடவையும் செய்யுங்கள், அல்லது எப்போதுமே செய்யாதீர்கள். மூன்றுக்கு ஒருமுறை என்று வைத்தால் கழுத்துப் பிடிப்பு மூன்று விதமாக மாறிக்கொண்டே இருக்கும், ஒன்றுபோல் வர வேண்டும் என்றுதானே தொடங்கினோம்? கையால் செய்யும்போது ஒவ்வொரு தடவையும் அலுப்பு. மெஷின் இருந்தால் அந்த அலுப்பு இல்லை, அதுதான் மெஷினின் நியாயம்.

எந்தக் கட்டத்தில் அனீல் செய்வது? ப்ரைமரைத் தட்டி எடுத்தபின், கழுவிக் காய வைத்தபின், சைஸ் செய்வதற்கு முன்னால். லோட் செய்ததோ, ப்ரைமர் உள்ளதோ எதுவும் சுடர் இருக்கும் அறைக்குள்ளேயே வரக் கூடாது. பொடி டப்பாவும் வேறு அறைக்குப் போகட்டும்.

---

மெதுவிசை எழுதியது:

ஒரு சின்னக் குறிப்பு. அனீல் செய்த உடனே கழுத்தின் உட்புறம் சொரசொரப்பாக இருக்கும், குண்டு கிறீச்சென்று இறங்கும். நைலான் பிரஷ்ஷில் கொஞ்சம் கிராஃபைட் தூள் தொட்டு உள்ளே ஒரு சுற்று சுற்றினால் சரியாகிவிடும். எஃகு ஊசி போட்டு ஈரமாகக் கழுவினால் உள்ளே இருந்த கரியும் போய்விடும், அப்போது இது இன்னும் அவசியம்.

---

மூன்றாம்வட்டம் எழுதியது:

ஒற்றை டார்ச் உருட்டு வகை, ரெகுலேட்டர் தலை, இரண்டு வண்ணப் பாட்டில். இப்படி முடிவு செய்துவிட்டேன். போர்டு கட்டுகிற அளவுக்கு எனக்கு மின்வேலை வராது. ஐந்துதோட்டா, உங்கள் பேச்சும் காதில் விழுந்தது, மிச்சப் பணத்தில் குண்டு வாங்குகிறேன்.

கடைசியாக ஒன்று: ஏற்கெனவே விரிசல் விட்ட .308 உறைகளை அனீல் செய்தால் மேலும் சில தடவை ஓடுமா?

---

பித்தளைப்பட்டறை எழுதியது:

ஓடாது. சூடு உள்ளழுத்தத்தை எடுக்கும், பிரிந்த உலோகத்தை ஒட்டவைக்காது. ஆனால் எறிந்துவிடாதீர்கள். அதே லாட், அதே தடிமன், அதே எடை. மெஷின் வந்ததும் நேரம் கண்டுபிடிக்க வண்ணம் பூசிப் பலி கொடுக்க அவைதான் சரியான உறைகள். லாடைக் கலந்துவிடாமல் தனி டப்பாவில் போட்டு வையுங்கள், வேலை முடிந்ததும் ஒவ்வொன்றின் கழுத்தையும் குறடால் நசுக்கிவிட்டுப் பழைய பித்தளையோடு போடுங்கள். நசுக்கும்போது கையில் எப்படி இருக்கிறது என்றும் கவனியுங்கள். அனீல் செய்யாத ஒன்றை நசுக்கினால் கொஞ்சம் திமிறிக்கொண்டு திரும்பும். ஈயம் மாதிரி போட்டது போட்டபடி கிடந்தால் நேரம் அதிகம், அரை நொடி குறையுங்கள்.